ஏரிக்கு அக்கரையில் ஒரு பெட்டி

சாரல் காலத்து மதியங்களில் தென்காசி பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். வெயில் எட்டிப் பார்க்கும். அது தரையைத் தொடுமுன் மலைப் பக்கமிருந்து பூந்தூறல் வந்து மூடிவிடும். செங்கோட்டை ரோட்டில் பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் பெலிக்ஸ் அந்நேரம் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவான். மேஜையில் கிடக்கும் பிரேக் வயர்களை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு லேப்டாப்பைத் திறப்பான். மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அவன் மனைவி ஜெஸிக்கு நைட் டூட்டி. தூங்கி எழுந்து, பால் விடாத கட்டஞ்சாயாவோடு அவளும் தன் லேப்டாப்பைத் திறப்பாள்.

இருவரும் சந்தித்துக்கொள்வது ஆளில்லாத ஒரு கோளில்.

அது தொழிற்சாலை கட்டும் விளையாட்டு. இரும்பைத் தோண்டி, உருக்கி, பெல்ட்டில் ஓடவிட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றாக வளர்த்துக்கொண்டே போகலாம். கூட்டாளி ஒருவன் போட்டுக்கொடுத்ததை முதலில் பெலிக்ஸ் மட்டும்தான் ஆடினான். ஜெஸி மஸ்கட்டுக்குப் போன பிறகு போனில் பேச்சு சீக்கிரம் தீர்ந்துபோவதைக் கண்டு, அவளையும் இழுத்துவிட்டான். “சாப்பிட்டியா, சாப்பிட்டேன், அங்கன மழையா, ஆமா மழைதான்” என்பதற்கு மேல் நகராத பேச்சு, அந்தக் கோளில் சேர்ந்து நடக்கும்போது தானாக நீண்டது.

பெலிக்ஸுக்கு அந்த விளையாட்டு பிடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. கடை வைக்குமுன் சீசனுக்குச் சீசன் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் வேலை பார்த்தவன் அவன். அருவியில் குளித்துவிட்டு விறைத்துப்போய் வருகிறவர்கள் வராந்தாவில் நின்று கத்துவார்கள். ஒருவருக்குத் துண்டு, ஒருவருக்கு டீ, கைக்குழந்தைக்கு வெந்நீர். மாடிக்கும் கீழுக்குமாக ஓடுவான். மற்ற பையன்கள் அலுத்துக்கொள்வார்கள். அவனுக்கோ, கேட்ட பொருள் கைக்கு வந்ததும் மனிதர்கள் முகத்தில் வரும் ஒரு தெளிச்சியைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும். ஸ்பேர் பார்ட்ஸ் கடையும் அப்படித்தான். மதுரையிலிருந்து பஸ்ஸில் வரவழைத்தாவது கேட்டதைக் கொடுத்துவிடுவான்.

அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த மனைவி எதையுமே கேட்காதவள். வாசுதேவநல்லூரில் நாலு பிள்ளைகளில் மூத்தவளாகப் பிறந்தவள் ஜெஸி. தம்பி தங்கச்சிகள் எதையாவது கேட்கும்போது அம்மாவின் முகம் சுருங்குவதைப் பார்த்துப் பார்த்து, கேட்கிற பழக்கமே அவளுக்கு இல்லாமல் போயிற்று. கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போன இடத்தில்கூட, “நீங்களே பாத்து எடுங்க” என்றாள். மஸ்கட்டுக்கு ஆள் போகும்போதெல்லாம் பெலிக்ஸ் கேட்பான்: “என்னட்டி வேணும்? கொடுத்து விடுதேன்.”

“ஒண்ணும் வேண்டாங்க. எல்லாம் இங்கனயே கெடைக்கி.”

விளையாட்டு வளர்ந்து ஒரு கட்டத்துக்கு வந்தபோது பறக்கும் குட்டி இயந்திரங்கள் கிடைத்தன. ஜெஸி அவற்றுக்குத் தட்டான் என்று பெயர் வைத்தாள். அங்கங்கே கம்பங்கள் நட வேண்டும். அந்தக் கம்பங்களின் எல்லைக்குள் தட்டான்கள் பறக்கும், களைத்தால் கம்பத்தருகே வந்து சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். ஒரு பெட்டியை வைத்து, இன்ன பொருள் இவ்வளவு வேண்டும் என்று அதில் குறித்துவிட்டால் போதும். எந்த மூலைக் கிடங்கில் இருந்தாலும் தட்டான்கள் எடுத்துக்கொண்டு வந்து போடும். எடுக்க எடுக்க நிரப்பும். யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

முதல் பெட்டி நிறைந்ததைப் பார்த்து ஜெஸி சிரித்தாள். “கேக்கதுக்கு வாயே தொறக்க வேண்டாமே!”

அதன்பின் பெலிக்ஸ் மணிக்கணக்காக ஒன்றும் கட்டாமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கத் தொடங்கினான். வெளியே தகரக் கூரையில் தூறல் விழும். திரையில் ஆயிரம் தட்டான்கள் செம்பையும் பல்சக்கரங்களையும் தூக்கிக்கொண்டு மெல்லக் கடந்து போகும். எது மழைச் சத்தம், எது சிறகுச் சத்தம் என்று தெரியாமல் கண் செருகும். வாடிக்கையாளர் யாராவது ஷட்டருக்குக் கீழே குனிந்து, “அண்ணாச்சி, செயின் ஸ்ப்ரே இருக்கா?” என்றால், அதையும் ஒரு தட்டான் கொண்டுவந்து கொடுத்துவிடும் என்று அரைநொடி காத்திருப்பான்.

ஒருநாள் கிடங்கில் தட்டான்கள் குறைந்திருப்பதைக் கவனித்தான். தேடிப் போனால், தொழிற்சாலைக்கு மேற்கே இருந்த பெரிய ஏரிக்கு மேல் அத்தனையும் கூட்டமாக மிதந்துகொண்டிருந்தன. நேர்கோட்டில் அக்கரைக்குப் போகப் புறப்பட்டு, நடுத்தண்ணீரில் சார்ஜ் தீர்ந்து, ஊர்ந்து ஊர்ந்து இக்கரைக்குத் திரும்பி, ஏற்றிக்கொண்டு, மறுபடி புறப்படுகின்றன. எந்நேரமும் அதே போக்குவரத்து. கொண்டுபோன பொருள் ஒன்றுகூட அக்கரை சேரவில்லை.

அக்கரையில் யாரோ பெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கோளில் இன்னொரு ஆள் ஜெஸிதான்.

வரைபடத்தில் அந்தப் பெட்டியைத் தொட்டு, அதில் குறித்திருந்ததைப் பார்த்தான். செங்கல், விளக்கு, மறுபடி விளக்கு. ஒரு தொழிற்சாலைக்கும் உதவாத பொருட்கள்.

“ஜெஸி, ஏரிக்கு அந்தப் பக்கம் பெட்டி வச்சது நீதான?”

“ஆமா. வராட்டா பரவால்லங்க. எடுத்திருதேன்.”

“எடுக்காத” என்றான் பெலிக்ஸ். குரல் சற்று உயர்ந்துவிட்டது அவனுக்கே தெரிந்தது. “நீ கேட்டத எடுக்காத.”

ஏரியைச் சுற்றிக் கம்பம் நட்டால் போதாது; தட்டான்களுக்குச் சுற்றுவழி தெரியாது. எனவே கரையிலிருந்து மண்ணைக் கொட்டிக் கொட்டித் தண்ணீருக்குள் வழி போட்டான். நடு ஏரியில் சிறு திட்டு ஒன்று எழும்பியது. அதில் கம்பங்களை நட்டு, மின்கம்பியும் இழுத்தான். ஒரு வாரத்து மதியங்கள் அதிலேயே போயின.

வேலை முடிந்த அன்று, முதலாவது தட்டான் திட்டில் இறங்கி, சற்றே இளைப்பாறி, அக்கரைக்குப் பறந்தது. பின்னால் அடுத்தது. பிறகு கூட்டமாக. பொழுது சாய்ந்து அந்தக் கோள் இருண்டபோது அக்கரையில் ஒவ்வொரு விளக்காக மினுங்கியது. வந்து விழுந்த செங்கற்களை ஜெஸி பரப்பிக்கொண்டிருந்தாள். பெலிக்ஸ் மண்வழியே நடந்து அவளருகே போய் நின்றான்.

தரையில் கட்டம் கட்டமாக ஏதோ உருவாகியிருந்தது. முன்னறை. அதை ஒட்டி, அடுப்புக்கு இடம் விட்ட ஒரு சின்ன அறை. பின்னால் துவைகல்லுக்கு ஒரு சதுரம்கூட.

“இது நம்ம வீடுல்லா?”

“ஆமாங்க.”

பெலிக்ஸ் உள்ளே நடந்து பார்த்தான். “அடுப்பு இந்தச் சுவர்ல இல்லியே. ஜன்னல் பக்கம்லா.”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“மறந்து போச்சுங்க. கல்யாணம் முடிஞ்சு கொஞ்ச நாள்தான அங்கன இருந்தேன்? ராத்திரி வார்டுல உக்காந்து ஒவ்வொரு ரூமா நெனச்சுப் பாப்பேன். அடுப்பு எங்கன இருந்துச்சுன்னு மட்டும் வரவே மாட்டேங்கு.”

தட்டான்கள் இருவர் தலைக்கும் மேலே செங்கல்லைச் சுமந்து வந்துகொண்டே இருந்தன.

“எனக்கு வீட்டுக்கு வரணும்ங்க” என்றாள் ஜெஸி.

அவளுக்கு அங்கே நல்ல வேலை. தங்கச்சி படிப்பு இன்னும் முடியவில்லை. வாசுதேவநல்லூரில் என்ன சொல்வார்களோ. இவையெல்லாம் பெலிக்ஸுக்கும் தெரியும். அவை ஒன்றையும் அவன் வாயில் எடுக்கவில்லை.

“வா” என்றான். “மத்தத வந்து பாத்துக்கிடுவோம்.”

ஒப்பந்தம் முடியும்வரை இருந்துவிட்டு, அடுத்த ஆனி மாதம் அவள் வந்து இறங்கினாள். ஊரில் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. அவள் அம்மா ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. செங்கோட்டையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்த பிறகு அதுவும் ஆறியது. தங்கச்சியின் படிப்புக்கு இருவருமாகத் தோள் கொடுத்தார்கள்.

ஐந்தருவியில் கூட்டம் குறைந்த ஒரு விடியலில் போய்க் குளித்தார்கள். தண்ணீர் தலையில் அறைந்தபோது ஜெஸி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வெளியே வந்தும் வெகுநேரம் காதடைத்துப்போய், கனவில் நடப்பவள் மாதிரி படியேறினாள். மங்குஸ்தான் விற்கிற கடை வாசலில் நின்றாள். “இதுல ரெண்டு கிலோ வாங்குங்க” என்றாள். பிறகு ரம்புட்டானையும் காட்டினாள்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து, ஒரே லேப்டாப்பின் முன் இருவரும் உட்காருகிறார்கள். ஒருவர் ஆட, ஒருவர் வழி சொல்ல வேண்டும். போன வாரம் மழை விடவே இல்லை. ஜெஸி வரைபடத்தில் கம்பங்களெல்லாம் முடிகிற எல்லைக்கு அப்பால், இன்னும் கறுப்பாகவே கிடக்கும் பகுதியில் விரல் வைத்தாள்.

“இந்தப் பக்கம் என்ன இருக்கு?”

“தெரியல. நான் போனதில்ல.”

“போவோமா?”

பெலிக்ஸ் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டான். அவள் விசையை அழுத்தினாள். கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக விலகி, முதலில் புல் தெரிந்தது.