பதினாலு கிலோ கம்பி

எங்கள் இசைக்குழுவில் என் மனைவிக்குப் பெயர் கிராம். வார நாட்களில் அவள் தராசு மெக்கானிக். கடை கடையாக ஏறி இறங்கி எடை மிஷின்களைச் சோதித்துச் சரிசெய்து கொடுப்பாள். ஒருநாள் காய்கறிக் கடைக்காரர் ஒருவர், "நாலு கிராம்தானேம்மா கூடக் காட்டுது, இதுக்குப் போய் மிஷினைப் பிரிக்கணுமா?" என்று கேட்டுவிட்டார். "அந்த நாலு கிராம் யாரோடது?" என்று திருப்பிக் கேட்டு அரை மணி நேரம் அவரை நிற்கவைத்தாள். கதை குழுவுக்குள் வந்ததும் பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டில் நான் காபித்தூளை ஒரு சிட்டிகை அதிகம் போட்டால் போதும், அடுத்த அறையில் இருப்பவளுக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் பேஸ் கிதார் வாசிப்பாள். நான் டிரம்ஸ். கீபோர்டுக்காரர்தான் தலைவர். பாடுவது என் அக்கா. ஜோடி ஜோடியாக ஆட வருகிறவர்களுக்காக ஒரு ஹாலில் இருபது வருடமாக வாசிக்கிறோம்.

அந்த இருபது வருடமும் அக்காவும் கிராமும் கீரியும் பாம்புமாகத்தான் இருந்தார்கள். "உன் பொண்டாட்டி வாசிக்கிறாளா, கதவை இடிக்கிறாளா?" என்று அக்கா என்னிடம் கேட்பாள். "அண்ணிக்கு மைக் எதுக்குங்க? தெருமுனை வரைக்கும் கேக்குதே" என்று இவள் சொல்வாள். நடுவில் மத்தளம் போல இரண்டு பக்கமும் அடி வாங்கியவன் நான்.

அக்கா பகலில் ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறாள். வாரம் முழுக்க அந்தச் சூட்டில் நிற்பதே சனிக்கிழமைக்காகத்தான் என்பாள். போன வருடம் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஆனால் குரல் இரண்டு கட்டை இறங்கித்தான் திரும்பி வந்தது. மேலே போனால் காற்றுதான் வரும்.

ஒத்திகையில் கீபோர்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "எல்லாப் பாட்டையும் ரெண்டு கட்டை இறக்கலாம். ஆனா பேஸ்ல அவ்வளவு கீழ சுரமே கிடையாது. பாட்டு அந்தரத்துல தொங்கும். இந்த மாசம் கடைசி சனிக்கிழமை வரைக்கும் பாக்கலாம். எடுபடலேன்னா வேற பாடகிதான்."

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. என் மனைவி உள்ளுக்குள் கொஞ்சமாவது சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறேன். வண்டியில் ஏறியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "நாலாவது கம்பியை எவ்வளவு தூரம் இறக்கலாம்?"

நாலாவது கம்பிதான் பேஸ் கிதாரில் தடித்தது, அடிச்சுரம் அதில்தான் இருக்கிறது. அவள் போட்டிருந்ததன் அட்டையில் 105 என்று இருக்கும். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் நூற்றைந்து பங்கு தடிமன் என்று அர்த்தம். அதையே தளர்த்தி இரண்டு கட்டை இறக்கிப் பார்த்தாள். துணிக்கொடி மாதிரி தொய்ந்து, கழுத்தில் குறுக்கே பதித்த ஃபிரெட் என்ற உலோகப் பட்டைகளில் மோதி 'டர்ர்' என்றது. கடையில் இன்னும் கீழே போகும் ஐந்து கம்பி கிதாரைக் கையில் பிடித்துப் பார்த்தாள். அவள் கை சின்னது, கழுத்தைச் சுற்றி வரவில்லை.

மறுநாள் என் சாப்பாட்டு மேஜை பறிபோனது. நீளப் பலகை ஒன்றை மேஜையில் இறுக்கி, அதன் மேல் கிதாரில் இருக்கும் அதே இடைவெளியில் இரண்டு மரத்துண்டுகளை நிறுத்தினாள். பழைய கம்பியின் ஒரு முனையை ஆணியில் மாட்டி, மறுமுனையை மேஜை விளிம்பிலிருந்த கப்பி வழியாகக் கீழே இறக்கி ஒரு வாளியைத் தொங்கவிட்டாள். வாளிக்குள் அவள் தொழிலின் எடைக்கற்கள். கம்பியைத் தட்டுவதும் போனில் சுருதி பார்ப்பதும் கல் போடுவதுமாக ஒரு ஞாயிறு போயிற்று. நான் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

"பழைய சுருதிக்குப் பதினேழு கிலோ. ரெண்டு கட்டை இறக்கினா பதினொண்ணுகூட நிக்கல. அதான் தொளதொளங்குது" என்றாள். இழுவை பழையபடி வர வேண்டுமானால் கம்பி தடிக்க வேண்டும். கணக்குப் போட்டாள், 130 என்று வந்தது. வாங்கி வந்து வாளியைத் தொங்கவிட்டோம். ஏறக்குறைய பதினேழு கிலோ. அவள் முகத்தில் அப்படியொரு பெருமை. கழுத்தின் உச்சியில் கம்பி உட்காரும் பள்ளத்தில் அது நுழையவில்லை. கொஞ்சமும் யோசிக்காமல் அரத்தை எடுத்துப் பள்ளத்தை அகலப்படுத்தினாள்.

மாட்டி வாசித்தால் சத்தம் 'தொப்' என்று விழுந்தது. மேலே போகப் போகச் சுருதியும் விலகியது. எடை சரியாக இருந்தால் எல்லாம் சரியாக இருக்கும் என்பது ஒரு தராசு மெக்கானிக்குக்கு மட்டுமே வரக்கூடிய நம்பிக்கை. தடித்த கம்பி விறைப்பாகவும் இருக்கும் என்பதை வாளி சொல்லவில்லை. நான் சிரித்துத் தொலைத்தேன். இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை.

அடுத்து 120. வாளியில் பதினாலு கிலோ. அகலமாகிப் போன பள்ளத்தைச் ஆப்பச் சோடாவும் உடனே ஒட்டும் பசையும் வைத்து அடைத்து, புதிதாக அராவினாள். இது பாடியது. அடிச்சுரம் உருண்டையாக வந்தது. ஆனால் ஓங்கி வாசித்தால் பழையபடி 'டர்ர்'. கம்பியை உயர்த்திக் கட்டினால் விரல் நோவெடுத்தது. கடைசிச் சனிக்கிழமைக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது.

மறுநாள் விடுமுறை, காலையில் அக்கா பாடிப் பார்க்க வந்திருந்தாள். டாக்டர் சொன்னபடி வாய்க்குள்ளேயே பாடுவது போல மெதுவாகப் பாடினாள். அந்தக் குரலை அமுக்கிவிடக் கூடாதே என்று கிராமும் கம்பியைத் தடவுவது போல வாசித்தாள். பாட்டு முடிந்தது. கிராம் குனிந்து நாலாவது கம்பியைப் பார்த்தாள்.

"அண்ணி, இன்னொரு தரம் பாடுங்க."

"ஏம்மா, தப்பா?"

"தப்பில்ல. கம்பி 'டர்ர்'னே சொல்லல, கவனிச்சீங்களா?"

மறுபடி பாடினாள், மறுபடியும் 'டர்ர்' இல்லை. கிராம் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "கம்பி பதினாலு கிலோவே போதும்ங்க. என் கைதான் எடை கூட."

இனி நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். நகைக்கடையில் இருக்கிற மாதிரியான சின்னத் தராசு ஒன்று அவளிடம் சொந்தமாக உண்டு. அதை மடியில் வைத்துக்கொண்டு, தட்டின் மேல் இரண்டு விரலால் பாட்டுகளை வாசித்தாள். முதல் நாள் எண் நானூறு கிராமுக்குக் குதித்தது. "கதவை இடிக்கிறாளா" என்று அக்கா கேட்டது பொய்யில்லை என்று அன்று எண்ணிலேயே தெரிந்தது. நூற்றைம்பதைத் தாண்டாமல் ஒரு பாட்டை முடிப்பது என்று வைத்துக்கொண்டாள். வேலைக்குப் போகுமுன் ஒரு மணி நேரம், வந்த பிறகு ஒரு மணி நேரம். சத்தமே வராத வாசிப்பு. தாண்டினால் முதலிலிருந்து. இருபது வருடப் பழக்கத்தை, அதுவும் ஹாலில் கைதட்டல் வாங்கிக்கொடுத்த பழக்கத்தை, ஐம்பது வயதில் யார் கழற்றி வைப்பார்கள்? நான் வைக்க மாட்டேன். பன்னிரண்டாம் நாள் ஒரு பாட்டு முழுக்க நூற்றைம்பதுக்குள் முடிந்தது. அவளை அன்று பார்த்ததைப் போல நான் பெண் பார்க்கப் போன அன்றுகூடப் பார்க்கவில்லை.

"அடுத்தது நீங்க" என்றாள்.

"நான் என்ன பண்ணினேன்?"

"குச்சியை வச்சுட்டு, தோலை மெல்ல உரசுற அந்த பிரஷ் எடுங்க. நான் இறங்கினது போதாது."

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. டிரம்ஸை எதற்குக் கண்டுபிடித்தார்கள் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தராசை என் மடியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

கடைசிச் சனிக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. முதல் பாட்டில் யாரும் எழுந்து ஆடவில்லை. கீபோர்டுக்காரர் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மூன்றாவது பாட்டில் அக்கா அடியில் இறங்கும் ஓர் இடம் உண்டு. அவள் குரல் இறங்கியது. நாலாவது கம்பி அதற்கும் கீழே போய், சத்தம் போடாமல் அவளைத் தாங்கிக்கொண்டது. என் பிரஷ் தோலில் உரசும் சத்தம்கூடக் கேட்டது. கீபோர்டுக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். முதலில் ஒரு வயதான ஜோடி எழுந்தது. பிறகு இடம் போதவில்லை. இருபது வருடம் பின்னால் உட்கார்ந்து அடித்த நான், என் அக்காவின் குரலை முழுசாகக் கேட்டது அன்றுதான். கண் கலங்கிவிட்டது, தாளத்தையும் ஓரிடத்தில் விட்டேன்.

சாமான்களைக் கட்டும்போது கீபோர்டுக்காரர் அக்காவிடம் வந்து, "அடுத்த வாரம் எந்தப் பாட்டை முதல்ல வச்சுக்கலாம்?" என்று கேட்டார். வேறு பாடகி பற்றிய பேச்சு அத்தோடு போயிற்று.

வண்டியில் அக்கா கிராமின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதுவே புதுசு. "கையைக் குடு" என்று வலது கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்தக் கையா அந்த இடி இடிச்சுது?"

"எடை கொஞ்சம் கூடக் காட்டிட்டு இருந்துச்சு அண்ணி. சரி பண்ணியாச்சு."

"எவ்வளவு கூட?"

"என்ன, ஒரு நாலு கிராம் இருக்கும்."

அக்காவுக்கும் அந்தக் காய்கறிக் கடைக் கதை தெரியும். கையை விடாமல் கேட்டாள்: "அந்த நாலு கிராம் யாரோடது?"

"உங்களோடதுதான் அண்ணி" என்றாள் என் மனைவி.