கடலில் நின்ற போலீஸ்காரர்

அந்த நவராத்திரியை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

எழுபதுகளில் டெல்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். தட்டில் மணலும் கல்லும் வைத்து இயற்கைக் காட்சி அமைப்பதை ஒரு ஜப்பானிய அம்மாளிடம் கற்றுக்கொண்டிருந்தேன். அன்று மாலை அவர் கொலு பார்க்க வருவதாக இருந்தார். கறுப்புத் தட்டில் வெள்ளை மணலைப் பரப்பி, இறகால் அலைகளை வரைந்து, ஓரத்தில் ஒரே ஒரு கல்லை மலையாக வைத்தேன். மற்றதெல்லாம் வெறும் கடல். அதைக் கொலுவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சுண்டல் தாளிக்கப் போனேன்.

திரும்பி வந்தால், கடலில் இரண்டு பிளாஸ்டிக் வாத்துகள், நடுவில் ஒரு போலீஸ்கார பொம்மை!

"கொலு பார்க்கைப் பாதியிலயே விட்டுட்டியேடி! எங்காத்து பொம்மையைக் கொண்டுவந்து வெச்சேன்," என்றார் பக்கத்து வீட்டு மாமி.

"ஐயோ மாமி, அது பார்க் இல்லை, கடல்!"

"கடல்னா வாத்து இருக்கட்டுமே!"

நான் வாத்தை எடுப்பதற்குள் ஜப்பானிய டீச்சர் வந்துவிட்டார். தட்டையே வெகுநேரம் பார்த்தார். பிறகு போலீஸ்காரரைத் தூக்கிக் கல்லின் மேல் நிறுத்தினார். இறகை எடுத்து, வாத்துகளைச் சுற்றிச் சின்னச் சின்ன அலைகள் வரைந்தார்.

"பஹுத் அச்சா," என்றார்.

'ரொம்ப நன்றாக இருக்கிறது' என்று மாதக்கணக்கில் என்னிடம் ஒருமுறைகூடச் சொல்லாத வார்த்தை. அன்றும் என்னிடம் சொல்லவில்லை. மாமியைப் பார்த்துத்தான் சொன்னார்.

எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனாலும் கொலு வைக்கும்போதெல்லாம், பார்க்கில் போலீஸ்காரர் நிற்பதற்கு ஒரு கல் போட்டுவிடுகிறேன்.