மூவாயிரத்து ஒரு குரோனர்

நான் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது, நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் எனக்குக் காய்ச்சல் என்று சித்தப்பா தமிழ்ப் பள்ளிக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, ஒஸ்லோ நகரத்துச் சேகரிப்பாளர் கூட்டமொன்றுக்கு என்னை அழைத்துப்போனார்.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் சிற்றூர் வங்கிகள்கூடத் தங்கள் ஊர்ப்பெயர் அச்சிட்ட பணத்தாள்களை வெளியிட்டன. அவற்றில் உள்ளூர் வங்கிக் காசாளரின் கையொப்பம் இருக்கும். நோர்வேயிலிருந்து போனவர்கள் குடியேறிய ஊர்களின் தாள்களை மட்டும் சித்தப்பா சேர்த்தார். பேருந்து ஓட்டிச் சம்பாதித்தது அதில் போயிற்று. "செல்லாத காசை நல்ல காசு குடுத்து வாங்கிற ஆள்" என்று அம்மா அவர் முகத்துக்கு நேரேயே சொல்வார்.

அன்று ஏலத்துக்கு வந்தது மினசோட்டா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் ஐந்து டொலர் தாள். சித்தப்பாவிடம் இல்லாத ஊர். அங்கே கூவி ஏலம் விடுவதில்லை. தொகையைத் துண்டில் எழுதிப் பெட்டியில் போடவேண்டும். இருவர் ஒரே தொகை எழுதினால் மூத்த உறுப்பினருக்கே பொருள். மூத்தவர் ஒரு நோர்வேக் கிழவர். சித்தப்பா ஏற்கனவே மூன்று முறை அவரிடம் தோற்றிருந்தார்.

மூக்குக்கண்ணாடியைப் பேருந்தில் விட்டுவிட்டதால் துண்டை என்னிடம் தந்தார்.

"மூவாயிரம் குரோனர் எண்டு எழுது. அதுக்கு மேலை என்னட்டை ஒரு சதமும் இல்லை."

எழுதினேன். பெட்டியைத் திறந்தார்கள். முதலில் கிழவரின் துண்டை வாசித்தார்கள்: மூவாயிரம். சித்தப்பா மேலங்கியை எடுத்து மாட்டத் தொடங்கினார். அடுத்து எங்களுடையது: மூவாயிரத்து ஒன்று. மண்டபம் முதலில் சிரித்தது, பிறகு கைதட்டியது. சித்தப்பா ஒரு கை மேலங்கிக்குள் இருந்தபடியே என்னைப் பார்த்தார்.

"ஏன் பிள்ளை ஒண்டு போட்டனீ?"

"மொட்டையா எழுதக்கூடாதெல்லோ, சித்தப்பா."

எங்கள் வீட்டில் கலியாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் அன்பளிப்பு உறையில் தொகை எழுதுவது என் வேலை. நூற்றொன்று, ஐந்நூற்றொன்று, வேறு விதமாக எழுத எனக்குத் தெரியாது.

குறைந்த அந்த ஒரு குரோனரையும் நானே கொடுத்தேன். உலகக் கிண்ணம் வென்றவளைப் போல மேசையில் சாய்ந்து நின்றேன்.

கிழவர் வந்து என் கையைக் குலுக்கினார். தாளை ஒருமுறை பார்க்கலாமா என்று சித்தப்பாவிடம் கேட்டார். காசாளரின் கையொப்பத்துக்குக் கீழே விரலை வைத்தவர், வெகுநேரம் எடுக்கவில்லை. சித்தப்பாவின் சிரிப்பு மெல்லக் குறைந்தது. நான் அந்தக் கையொப்பத்தை எழுத்துக் கூட்டி வாசித்தேன்: ஹான்சன். கிழவரின் சட்டையில் குத்தியிருந்த பெயரட்டையிலும் ஹான்சன் என்றே இருந்தது.

எனக்கு அது ஒன்றும் புதினமாகப் படவில்லை. எங்கள் வகுப்பிலேயே மூன்று ஹான்சன்கள் இருந்தார்கள்.