பேசாத பிள்ளையும் இந்திப் பாடமும்

தாய் படிக்கும் ஒரு புத்தகம் பிள்ளையின் பேச்சைக் கட்டிப்போட முடியுமா? முடியும் என்கிறார் என் மாமியார். முடியாது என்று சொல்ல நான் வாயெடுக்கும்போதெல்லாம், ஒருவேளை முடியுமோ என்று எனக்கே தோன்றிவிடுகிறது.

என் மகளுக்கு இரண்டரை வயது முடிந்துவிட்டது. ஓடுகிறாள், சொன்னதைச் செய்கிறாள், ரேடியோ பாடினால் ஆடுகிறாள். பேச்சு மட்டும் இல்லை. அரியலூர் ஆஸ்பத்திரியில் காட்டினோம். காது நன்றாகக் கேட்கிறது, பொறுத்திருங்கள் என்றார்கள்.

என் கணவர் எலக்ட்ரீஷியன். போன வருஷம் வடக்கே ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை கிடைத்துப் போனார். குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் எங்களை அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. கடைக்குப் போய் உப்பு கேட்கவாவது தெரிய வேண்டாமா என்று, தமிழ் வழியாக இந்தி கற்பிக்கும் ஒரு புத்தகத்தை வாங்கிக் கொடுத்துவிட்டு ரயிலேறினார். நான் பெரம்பலூரில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். பாடம் என்றால் பயமில்லை. தினமும் மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்ததும் அடுப்படியில் உட்கார்ந்து பயிற்சிகளைச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். அந்தப் புத்தகத்தில் எல்லாரும் ஆண்கள். அவர்கள் போவார்கள், வருவார்கள், மாம்பழம் தின்பார்கள். இந்தியில் பெண் பேசினால் வினைச்சொல்லே மாறும்; ஒவ்வொரு வாக்கியத்தையும் பெண் சொல்வதாக மாற்றிச் சொல்ல வேண்டும். எரிச்சலாக இருக்கும். ஆனாலும் ஒரு நாளும் விட்டதில்லை.

முதலில் எதிர்த்தது கொழுந்தனார். அவர் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ரயில்வே ஸ்டேஷன் பலகையில் இந்தி எழுத்தின் மேல் தார் பூசியவர். இன்றும் அதைச் சொல்லித்தான் காப்பி குடிப்பார்.

"நாங்க தார் பூசி அழிச்ச எழுத்த எங்க வூட்டு அடுப்படிலயே படிச்சுப் பழகறீங்களே அண்ணி, இது நாயமா?"

"உங்க அண்ணன்தான் படிக்கச் சொன்னாருங்க."

"அவன் சோத்துக்குப் போனான். ஒங்களுக்கு இங்க சோறு இல்லியா?"

புத்தகத்தை மூடிவிட்டுத் தட்டை எடுத்து வைத்தேன். பதில் சொன்னால் அன்று சோறு இறங்காது.

மாமியாருக்கு மொழி பெரிதில்லை. பேத்திதான் பெரிது. காலையில் எழுந்ததும், பேச்சு வரவென்று வசம்பைச் சுட்டுத் தேனில் உரைத்து, விரலால் அவள் நாக்கில் அழுத்தித் தேய்ப்பார். கூடவே உத்தரவு: "ஆ காட்டு. 'அப்பத்தா'ன்னு சொல்லு. சொல்லுடி." பிள்ளை திமிறும். நான் கால்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பேச்சு வந்தால் சிறுவாச்சூர் கோயிலில் மணி கட்டுவதாக வேண்டுதலும் வைத்தார். அதில் எனக்குக் குறையில்லை. கோயிலுக்குப் போன பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்களிடமெல்லாம், "இவ ஆத்தாக்காரி புரியாத பாஷைய நாளெல்லாம் ஓதறா. பச்சப்புள்ள எதப் புடிக்கும், எத வுடும்?" என்று சொல்லிக்கொண்டு வந்ததுதான் குத்தியது. அந்தப் பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது.

பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். 'சொல்லு' என்ற சத்தம் கேட்டாலே என் மகள் உதட்டை மடித்துக் கடித்துக்கொள்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதையே கேட்கிறார்கள். நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் நான் புத்தகத்தை எடுத்தால் தானே வந்து என் தொடையில் சாய்ந்துகொள்கிறாள். அவளிடம் யாரும் எதையும் கேட்காத நேரம் அது ஒன்றுதான்.

பயிற்சிகளுக்குப் பின்னால் இந்தியில் சின்னச் சின்னக் கதைகள் வரும். ஆடு கிணற்றுக்குப் போகிறது. ஆட்டுக்குத் தாகம். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, வாளி இல்லை. அவ்வளவுதான் கதை. நான் தடுமாறாமல் வாசிக்கும் ஒரே கதை அது என்பதால் திரும்பத் திரும்ப அதையே வாசிப்பேன். ஒரு நாள் கதையில் ஆடு கிணற்றடிக்கு வந்த இடத்தில் நிறுத்திவிட்டு, பால் பொங்குகிறதா என்று திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் தெளிவாக ஒரு குரல்: "பானி."

பானி என்றால் தண்ணீர். குடத்திலிருந்து டம்ளரில் மொண்டு கொடுப்பதற்குள் மாமியார் வந்துவிட்டார்.

"என்ன சொன்னா? பாப்பா என்ன சொன்னா?"

வாசலில் நின்ற கொழுந்தனார் சிரித்தார். "போச்சு போ! அம்மா, உம் பேத்தி டெல்லிக்காரியாயிட்டா. நீ கட்டற மணி இந்தியிலதான் அடிக்கும்."

மாமியார் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு பிள்ளையின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "தண்ணின்னு சொல்லு, தரேன். தண்ணி. எங்க, சொல்லு."

அவள் உதட்டை மடித்துக்கொண்டாள்.

"குடுத்துடுங்க அத்தை. நாக்கு வறண்டு கெடக்கு."

"நீ பேசாத. பேசிப் பேசித்தான் புள்ளைய இப்புடி ஆக்கி வச்சிருக்க."

தண்ணீர் முழுவதும் என் மகளின் சட்டையில் கொட்டிய பிறகுதான் அந்தச் சண்டை ஓய்ந்தது. அதற்குப் பின் அவள் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை, எந்த மொழியிலும். புத்தகத்தை மாமியார் பரண்மேல் போட்டுவிட்டார். எடுக்க ஏணி வேண்டும், ஏணிக்கு அவரிடம் கேட்க வேண்டும்.

இப்போது குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது. தை பிறந்ததும் வரச்சொல்லி என் கணவர் எழுதியிருக்கிறார். மாமியார் முடிவு சொல்லிவிட்டார்: "நீ போ. பொழைக்கப் போறவள நான் தடுக்கல. புள்ள இங்க இருக்கட்டும். நம்ம பேச்சு வாயில வந்தப்பறம் வந்து கூட்டிட்டுப் போ." அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, யோசித்துச் சொல் என்கிறார் என் கணவர். யோசிக்க என்னிடம் விட்டிருப்பது இது ஒன்றைத்தான்.

இங்கே விட்டுப்போனால் அவளைத் தினமும் 'சொல்லு, சொல்லு' என்று வசம்போடு துரத்துவார்கள். அழைத்துப்போய் அங்கேயும் பேச்சு வரவில்லையென்றால், தமிழும் போச்சு எல்லாம் போச்சு என்று ஆயுசுக்கும் என் தலையில்தான் விடியும். அவர்கள் சொல்வது சரியாக இருந்துவிட்டால்? பக்கத்து வீட்டாரெல்லாம் வேறு மொழி பேசும் ஊரில் பிள்ளை வளர்த்தவர்கள், தாமதமாகப் பேசிய பிள்ளையைப் பெற்றவர்கள் இந்தக் கடிதத்தைப் படிக்கும் உங்களில் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்: அவளைத் தூக்கிக்கொண்டு ரயிலேறட்டுமா? உங்கள் பிள்ளை எப்போது, யாரிடம், எப்படிப் பேச ஆரம்பித்தது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். தைக்கு முன்னால் நான் பதில் சொல்லியாக வேண்டும்.