ஃபேனுக்குள் போன கூந்தல்

மறுநாள் எனக்கு நிச்சயதார்த்தம். முட்டத்தில் எங்கள் வீட்டில் தலைக்குக் குளித்துவிட்டு, இடுப்புவரை நீண்ட அலையலையான முடியை ஸ்டாண்ட் ஃபேன் பக்கத்தில் நின்று காயவைத்துக்கொண்டிருந்தேன். கையில் மறுநாள் வேலைகளின் பட்டியல். அதைச் சரிபார்த்தபடியே ஃபேனின் பின்பக்கம் குனிந்துவிட்டேன்.

ஒரு கொத்து முடி கம்பிகளுக்குள் போய் மோட்டார் தண்டில் சுற்றிக்கொண்டது. உடனே பிளக்கைப் பிடுங்கினேன். ஆனால் தலையை அசைக்க முடியவில்லை. அம்மா கத்திரிக்கோலோடு ஓடிவந்தார். கடலிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த அண்ணன் தடுத்தார்.

"ஏட்டி எலக்ட்ரிக்கல் டிப்ளமோ, ஃபேன் எந்தப் பக்கமா காத்த இழுக்கும்னு படிக்கலியா?"

"கேலி பண்ணாதண்ணா, வெட்டி விடு."

"சும்மா இரி மக்கா. வலையில சிக்கு விழுந்தா வெட்டவா செய்யோம்?"

ஃபேனின் முன்பக்கக் கம்பிக் கூண்டையும் இறக்கையையும் கழற்றி, தேங்காய் எண்ணெய் தடவி, எங்கும் இழுக்காமல், நுனிகளைத் தேடித் தேடி இழை இழையாகத் தளர்த்தினார். கயிறு இழுத்துக் காய்த்துப்போன விரல்கள் இத்தனை மென்மையாக நகருமா என்று வலியை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்தில், கத்திரிக்கோல் படாமலே, முழுக்கூந்தலும் என் தோளில் வந்து விழுந்தது.

இப்போது ஃபேனுக்கு முன்னால் மட்டும், எட்டி நின்றே முடி காயவைக்கிறேன். சிக்கெடுக்கும்போது சீப்பை உச்சியில் வைப்பதில்லை. எண்ணெய் தொட்டு நுனியில் தொடங்கி மேலே போகிறேன், அண்ணன் வலையில் செய்வதுபோல.