சிவப்பு வண்டியின் நான்கு குமிழ்கள்

எனக்குச் சந்தேகம் கூடப் பிறந்தது. பால்காரர் ஊற்றியதும் நுரையை ஊதி விலக்கிவிட்டுத்தான் சொம்பை உள்ளே எடுத்துப் போவேன். வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்காமல் வாங்கியதில்லை. இந்தக் குணத்துக்கு அரசாங்கம் வேறு சம்பளம் கொடுத்தது. கூட்டுறவுச் சங்கங்களுக்குப் போய்த் தணிக்கை செய்கிற உத்தியோகம். நான் உள்ளே நுழைந்ததும் எந்தச் செயலாளர் முதலில் இளநீர் வெட்டச் சொல்கிறாரோ, அவருடைய பீரோவைத்தான் முதலில் திறப்பேன்.

என் சங்கங்கள் எல்லாம் ஆற்றை ஒட்டிய ஊர்களில் இருந்தன. பேட்டையைத் தாண்டினால் சுத்தமல்லி, பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று அம்பாசமுத்திரம் வரைக்கும். பஸ்ஸில் போய் நொந்துபோயிருந்த காலத்தில், தொண்ணூறுகளின் பின்பாதியில், வடக்கே மாற்றலாகிப் போன ஒரு அதிகாரியிடமிருந்து அந்தச் சிவப்பு வண்டியை வாங்கினோம். சின்ன வண்டி. தரையோடு பதுங்கினாற்போல் நிற்கும். மிதித்தால் சீறிக்கொண்டு கிளம்பும். சேரன்மகாதேவிக்கு அப்பால் இரண்டு பக்கமும் வயலாக இருக்கிற நேர்ரோட்டில் அதை விரட்டும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சாவியைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயம்.

வண்ணார்பேட்டையில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. நான், என் கணவர், மாமனார் மூன்று பேர்தான். கணவருக்கு வங்கியில் வேலை. தானும் ஓட்டக் கற்றுக்கொள்ள மாட்டார், என்னையும் ஓட்டாதே என்று சொல்ல மாட்டார். எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்கிற மனிதரிடம் ஏதோ இருக்க வேண்டும் என்று கல்யாணமான புதிதில் துருவித் துருவிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. மாமனார் தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், நெற்றி நிறையத் திருநீறு. அவருக்கு எதுவும் கிழக்கு பார்த்து இருக்க வேண்டும். கிழக்கு பார்த்துச் சாப்பிடுவார், கிழக்கு பார்த்துச் சவரம் செய்வார். மேசை மின்விசிறியைக்கூடக் கிழக்கே திருப்பி வைத்துவிட்டு, காற்று வரவில்லை என்று மேற்கே உட்கார்ந்து வியர்ப்பார்.

ஒருநாள் அவரைப் பாவநாசம் கோயிலுக்கு அழைத்துப் போனேன். கல்லிடைக்குறிச்சிக்கு முன்னால் ஒரு வளைவில் ஆட்டுக்குட்டி ஒன்று குறுக்கே வந்தது. ஸ்டீயரிங்கை ஒடித்தேன். குட்டி தப்பித்தது. வண்டி மட்டும் ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்து, தொட்டில் மாதிரி ஆடிவிட்டுத்தான் நின்றது. பின்சீட்டில் இருந்த மாமாவின் தலை கண்ணாடியில் முட்டி மூக்குக்கண்ணாடி உடைந்தது. அவர் உடைந்த கண்ணாடியைத் துண்டில் முடிந்துகொண்டு, வீடு வரைக்கும் சிவபுராணம் சொல்லிக்கொண்டு வந்தார்.

சொல்ல வேண்டியதையெல்லாம் என் கொழுந்தன் சொன்னார். பாளையங்கோட்டையில் குடியிருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் காலையில் பூவும் வாழையிலையும் வாங்கிக்கொண்டு அப்பாவைப் பார்க்க வருவார்.

"மதினி, ஒங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா நாங்க யாருக்குப் பதில் சொல்லுவோம்? பேசாம வண்டிய வித்துருங்க. என் சேக்காளி ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். என் மேல் இத்தனை அக்கறை இருந்தால், அந்தச் சேக்காளிக்கு ஒன்று ஆகிவிட்டால் மட்டும் பரவாயில்லையா என்று கேட்க வாய் வரை வந்தது. என் கணவர் வழக்கம்போல இரண்டு பக்கத்துக்கும் சரி என்றார். கடைசியில் மாமாதான் தீர்ப்புச் சொன்னார்.

"கார்த்திகை மொத சோமவாரத்துக்கு நான் பாவநாசம் போகணும். இந்த வண்டியிலயே போவோம். அன்னைக்கும் என் தல முட்டிச்சுன்னா வித்துருவோம். முட்டலன்னா அதுக்குப் பெறகு அதப் பத்தி யாரும் பேசப்படாது."

கார்த்திகைக்கு இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. மறுபடியும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவதை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது.

பைபாஸ் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த மெக்கானிக், பானெட்டின் ஓரத்தைக் கையால் அமுக்கிவிட்டு எடுத்தார். வண்டி மூன்று நான்கு முறை ஆடிவிட்டு அடங்கியது.

"ஷாக்கப்சர் நாலும் செத்துப்போச்சுக்கா. வண்டி ஆடாம என்ன செய்யும்? மெத்துன்னு இருக்கதப் போட்டா ஒங்க மாமாவுக்கு நல்லது, வளைவுல ஒங்களுக்கு ஆகாது. கெட்டியா உள்ளதப் போட்டா நீங்க பறக்கலாம், அவியளுக்கு இடுப்பு போயிரும். ரெண்டும் வேணும்னா திருகு வச்சது ஒண்ணு இருக்கு. கோயம்புத்தூர்ல பந்தயம் ஓட்டுதவங்க போடுதது."

எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் கோயம்புத்தூருக்குப் பேசினார். நான் பக்கத்திலேயே நின்று ஒட்டுக் கேட்டேன். குலுக்கலைத் தாங்குகிற அந்த ஷாக்கப்சரின் தலையில் ஒரு குமிழ் இருக்குமாம். ஒன்றிலிருந்து எட்டு வரைக்கும் டக் டக்கென்று திருகலாமாம். ஒன்று மெத்து, எட்டு கெட்டி. வாதிக்கும் பிரதிவாதிக்கும் ஒரே நேரத்தில் தலையாட்டுகிற சாமானை நான் எப்படி நம்புவது? உள்ளே ஒன்றுமே இல்லாமல் வெறுமனே டக்கென்று சத்தம் மட்டும் வருகிற மாதிரி செய்து வைத்திருந்தால் யாருக்குத் தெரியும்?

சாமான் வந்து இறங்கியதும் மாட்டச் சொன்னேன். பிறகு நான் கடைக்கு வெளியே போய்த் திரும்பி நின்றுகொண்டேன். "எத்தனையில வச்சிருக்கியன்னு எனக்குச் சொல்லப்படாது" என்றேன். மெக்கானிக் சிரித்துக்கொண்டே திருகினார். வேகத்தடை மேல் ஏற்றி இறக்கி, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து மெத்தா கெட்டியா என்று நான் சொல்ல வேண்டும். இப்படி மூன்று தடவை. மூன்றும் சரியாக இருந்தது.

"போதுமாக்கா, இன்னும் நெருப்புல எறங்கணுமா?" என்றார்.

வாங்கிவிட்டேன். பானெட்டைத் திறந்தால் முன்னால் இரண்டு குமிழ். டிக்கியைத் திறந்து, விரித்திருந்த கோரைப்பாயை விலக்கினால் பின்னால் இரண்டு. ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும், அதை எண்ணுக்கு நேராக வைக்க வேண்டும். எண்கள் நான்கிலும் ஒரே திசையில் தொடங்காது. இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் ஒரு மாதிரி பொருத்தியிருந்தார்கள். நான் தனியாகப் போகும்போது கெட்டி, மாமா வரும்போது மெத்து என்று மாற்றிக்கொள்ளலாம். அன்று இரவு சாப்பிடும்போது, "அந்த நாலு குமிழ்லதான் வண்டியோட உசிரே இருக்கு" என்று பெருமையாகச் சொன்னேன். மாமா கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

ஆயுத பூஜை வந்தது. வண்டியைக் கழுவி, சக்கரம், ஸ்டீயரிங் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். அதற்குப் பிறகுதான் வண்டிக்குக் கிறுக்குப் பிடித்தது. இடது வளைவில் ஒழுங்காகப் போகிறது, வலது வளைவில் படுத்துக்கொள்கிறது. திறந்து பார்த்தால் ஒரு குமிழ் இரண்டில், ஒரு குமிழ் ஏழில். நான் வைத்தது அப்படி இல்லை. சரி செய்தேன். அடுத்த வாரம் மறுபடியும் கோணல், ஆனால் வேறு மாதிரிக் கோணல். புள்ளிகளின் மேல் பழைய சந்தனம் அப்பியிருந்தது. ஆயுத பூஜையில் வைத்ததுதானே என்று துடைக்காமல் அப்படியே திருகினேன்.

மெக்கானிக்கிடம் போய், பல் தேய்ந்த சாமானை என் தலையில் கட்டிவிட்டீர்களா என்று சண்டை பிடித்தேன். அவர் திருகிப் பார்த்தார்.

"இது தன்னால திரும்பாதுக்கா. யாரோ திருப்புதாங்க."

யாரோ என்ன யாரோ! யோசித்துப் பார்த்தேன். வியாழக்கிழமை வரை வண்டி யோக்கியமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை நான் எடுக்கும்போது கெட்டுப்போகிறது. வெள்ளிக்கிழமை காலையில் வீட்டுக்கு வருகிறவர் யார்? பூவும் வாழையிலையும் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. ஒரு வளைவில் நான் வயலுக்குள் இறங்கினால் போதும், வண்டி சேக்காளி வீட்டுக்குப் போய்விடும். கணவரிடம் சொன்னேன். "இருக்கும்" என்றார். கொஞ்சம் கழித்து, "இருக்காது" என்றும் சொன்னார்.

ஒரு வியாழக்கிழமை மாலை பானெட் இடுக்கில் கண்ணுக்குத் தெரியாத மாதிரி ஒரு துண்டு டேப் ஒட்டி வைத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் கிழிந்திருந்தது. கொழுந்தன் கூடத்தில் உட்கார்ந்து, "வண்டி எப்படி ஓடுது மதினி?" என்று இட்லி தின்றுகொண்டே கேட்டார். அந்த இட்லியைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

கார்த்திகை பிறந்தது. சோமவாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, விடிந்தும் விடியாமலும், கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று அடுக்களை ஜன்னலின் பின்னால் போய் நின்றேன். கொழுந்தன் இன்னும் வரவில்லை. குளித்து ஈரத் துண்டோடு மாமாதான் வந்தார். ஒரு கையில் சந்தனக் கிண்ணம், ஒரு கையில் என் கார்ச் சாவி. பானெட்டைத் தூக்கி நிறுத்தினார். குனிந்து குமிழின் வெள்ளைப் புள்ளி மேல் சந்தனம் வைத்தார், அதன் மேல் குங்குமம் வைத்தார். அப்புறம் வானத்தைப் பார்த்து, வீட்டைப் பார்த்து, குமிழைப் பைய, டக் டக்கென்று திருகினார்.

நான் ஓடினேன். "என்ன மாமா செய்யுதிய?"

"வெள்ளிக்கெழமைலா. பொட்டு வைக்கேன்."

"வச்சிட்டு எதுக்குத் திருகுதிய?"

"பொட்டு கெழக்கப் பாத்து இருக்கணும்லாம்மா. போன வாரம் சரியாத்தான் வச்சேன். இப்பப் பாரு, ஒண்ணு தெக்கப் பாக்கு, ஒண்ணு வடக்கப் பாக்கு. நீ ஓட்டுதப்போ தன்னால திரும்பிருது போல."

சந்தில் இடம் கிடைத்த மாதிரி, ஒருநாள் மூக்கு உள்ளேயும் ஒருநாள் மூக்கு வெளியேயுமாக வண்டியை நிறுத்தி வைப்பேன். அவர் அது எப்படி நின்றாலும் நான்கு பொட்டையும் கிழக்கே திருப்பியிருக்கிறார். நான் ஒவ்வொரு வாரமும் அதைக் கலைத்திருக்கிறேன்.

"இதுக்கெல்லாமா மாமா பொட்டு?"

"நீதான சொன்ன, இதுலதான் வண்டியோட உசிரு இருக்குன்னு." கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நெதம் ஒத்தையில அவ்வளவு தூரம் போயிட்டு வார. அன்னைக்கு எனக்குக் கண்ணாடிதான ஒடஞ்சிது. நீ தனியாப் போகையில அப்படி ஆனா? நான் வேற என்னத்தச் செய்ய?"

ஈரத் துண்டோடு அவர் நிற்பதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கோபமும் வந்தது. நான் வயலுக்குள் கவிழ்ந்திருந்தால் இவர் வைத்த பொட்டினால்தான் கவிழ்ந்திருப்பேன். அதை அவரிடம் சொன்னால் அன்றோடு மனிதர் சாப்பாட்டை விட்டுவிடுவார். தணிக்கைக்காரி வேலையில் நான் எதையும் மறைத்தது கிடையாது. அன்றைக்கு மறைத்தேன்.

"கொஞ்சம் இருங்க மாமா" என்று சாவியை வாங்கினேன். வண்டியை வெளியே எடுத்து, திருப்பி, பின்பக்கமாக உள்ளே கொண்டுவந்து, மூக்கு நேர் கிழக்கே இருக்கும்படி நிறுத்தினேன். எனக்கு ரொம்பக் கெட்டியும் வேண்டாம், அவருக்கு ரொம்ப மெத்தும் வேண்டாம் என்று நான்கு குமிழையும் நடுவாந்திரமாக வைத்தேன். தின்னர் தொட்ட துணியால் வெள்ளைப் புள்ளிகளை அடையாளமே இல்லாமல் துடைத்தேன். பிறகு ஒவ்வொரு குமிழிலும் கிழக்கே பார்த்த விளிம்பைத் தொட்டுக் காட்டினேன்.

"இப்ப இங்கன வைங்க."

வைத்தார். ஒரு டக் சத்தம்கூட இல்லை. "இனிமே திரும்பாதுல்லா?" என்றார்.

"திரும்பாது மாமா."

"திரும்புச்சுன்னா நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

திருகி மாற்றிக்கொள்ளலாம் என்று கோயம்புத்தூரில் இருந்து வரவழைத்த சாமானை, அதற்குப் பிறகு நான் மாற்றவே இல்லை. வண்டியையும் எப்போதும் மூக்கு கிழக்கே இருக்கும்படிதான் நிறுத்தி வைத்தேன்.

சோமவாரத்தன்று மழை பெய்து ரோடெல்லாம் குழி. மாமா முன்சீட்டில் உட்கார்ந்தார். ஆட்டுக்குட்டி வந்த வளைவு நெருங்கியது. இந்த முறை ஆடு வரவில்லை, எதிரே ஒரு வைக்கோல் வண்டி பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. ஒடித்தேன். வண்டி லேசாகச் சாய்ந்து, உடனே நிமிர்ந்து, தன் பாட்டுக்குப் போயிற்று. மாமாவின் கை மடியிலேயே இருந்தது.

திரும்பி வந்தபோது வாசலில் கொழுந்தன் நின்றார். வெள்ளிக்கிழமை கிடையாது, இருந்தும் வந்திருந்தார்.

"என்னப்பா, தல முட்டிச்சா?"

"ஒன் சேக்காளிய வேற வண்டி பாக்கச் சொல்லுலே" என்று சொல்லிவிட்டு மாமா உள்ளே போனார். அப்படி ஒரு சேக்காளி உண்டா என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் எழுந்தபோதே சந்தன வாசனை அடித்தது. திறந்து பார்க்கக் கூடாது என்று வைராக்கியமாகக் கிளம்பினேன். பேட்டை தாண்டினேன், சுத்தமல்லி தாண்டினேன். பத்தமடையில் குணம் ஜெயித்துவிட்டது. ஓரமாக நிறுத்தி, பானெட்டையும் டிக்கியையும் திறந்தேன். ஈரம் காயாத நான்கு பொட்டும் நான் வைத்த இடத்திலேயே இருந்தன. வண்டி மேற்கே பார்த்து நின்றதால், அவை கிழக்கை விட்டுவிட்டு நான் போகிற பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.