வால் கனத்த விமானம்

போடியில் நான் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் விமானம் விடுகிறவன். ரிமோட்டில் பறக்கும் விமானம், கையால் கட்டியது, ஐந்தடி இறக்கை. இதைக் கேட்டதும் ஊரில் எவரும் கேட்கும் முதல் கேள்வி, இதில் வீடியோ எடுக்கலாமா என்பதுதான். முடியாது என்றால், தோட்டத்துக்கு மருந்து அடிக்கலாமா என்பார்கள். அதுவும் முடியாது என்றால் அவர்கள் முகத்தில் ஒரு பரிதாபம் வரும் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியாது. கல்யாண மண்டபத்துக்கு மேலே ஈ மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டு நிற்கிற நாலு விசிறி ட்ரோன் டப்பாதான் இவர்களுக்குப் பெரிய அதிசயம். அது தானாக நிற்கும், தானாக இறங்கும். விடுகிறவன் ஒரு கையில் டீ கிளாசை வைத்துக்கொண்டே விடலாம். விமானத்தில் ஒரு நொடி கவனம் பிசகினால் ஆறு மாத உழைப்பு தரையில் கிடக்கும். அப்புறம் எதற்கு இந்தப் பாடு என்று கேட்பார்கள். பதில் சொல்வதை நான் விட்டு வெகுகாலம் ஆகிறது.

சிலமலைப் பக்கம் ஒரு கண்மாய் இருக்கிறது. தண்ணீர் வற்றிய மாதங்களில் அதன் உள்வாயில்தான் விடுவோம். ஒன்பது மணிக்குள் முடித்துவிட வேண்டும். அதற்குமேல் மலைப் பக்கமிருந்து காற்று கிளம்பிவிடும். என்னோடு இன்னும் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், இன்னொருவர் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். மூன்று பேருக்கும் கட்டத் தெரியும். அதில் எனக்குக் கர்வம் உண்டு, அதை மறைத்ததும் இல்லை.

கட்டத் தெரியாமல் வாங்கி வருகிறவர்கள் தனி ரகம். பெட்டியைப் பிரித்து, நாலு திருகாணியை முடுக்கி, கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். ஒரு ஜவுளிக்கடைக்காரர் அப்படி வந்தார். முதல் வாரமே விமானம் தென்னை மரத்தில் ஏறிக்கொண்டது. அதைக் கம்பால் தட்டி இறக்கி, வீட்டில் வைத்துத் தானே ஒட்டி, மறு வாரம் என்னிடம் கொண்டு வந்தார். பசையைப் புரோட்டாவுக்குச் சால்னா ஊற்றுகிற மாதிரி ஊற்றியிருந்தார். ஒட்டு என்றால் அவருக்கு ஒட்டினால் போதும். ஒட்டிய இடம் கனக்கும், கனத்த பக்கம் விமானம் சாயும் என்று நான் சொல்லச் சொல்ல அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்துக்கொண்டு போங்கள், சுவரில் மாட்டிவைத்தால் அழகாக இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

விமானத்தில் எல்லாமே நிறைதான், எடை முன்னும் பின்னும் சமமாக நிற்பதுதான். மோட்டார் பெரியதா, பேட்டரி புதியதா என்பதெல்லாம் அப்புறம். இறக்கையின் அகலத்தில், முன்விளிம்பிலிருந்து கால் பங்குக்குச் சற்றுப் பின்னே, இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரலை அடியில் கொடுத்துத் தூக்க வேண்டும். விமானம் கிடைமட்டமாக நிற்க வேண்டும், அல்லது மூக்கு ஒரு நூல் இறங்க வேண்டும். வால் இறங்கினால் அதைக் கீழே வைத்துவிட்டு, மூக்கில் ஈயத்தைச் சேர்த்து, மறுபடி தூக்கிப் பார்க்க வேண்டும். மூக்கு கனத்த விமானம் சண்டித்தனம் செய்யும், ஆனாலும் இறக்கிவிடலாம். வால் கனத்தால் கடவுளே ரிமோட்டைப் பிடித்தாலும் இறக்க முடியாது. கண்மாய்க்கு வரும் எந்த விமானத்தையும் நான் விரலில் தூக்கிப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் விடுவது வழக்கம்.

என் தங்கையின் வீட்டுக்காரருக்கு ஏலக்காய்தான் தொழில். குரங்கணிக்கு மேலே கொஞ்சம் தோட்டம், காய் உலர்த்த ஒரு ஸ்டோர். வாரத்தில் ஐந்து நாள் மலையில் கிடப்பார், சனிக்கிழமை ஜீப்பில் இறங்குவார். மாப்பிள்ளை என்பதால் வீட்டில் அவருக்கு இலையில் முதல் பரிமாறல், நாற்காலியில் நல்ல நாற்காலி. எனக்கு அவரைப் பிடிக்காது என்று சொல்ல முடியாது, பொருட்படுத்தியதில்லை, அவ்வளவுதான். எதைக் கையில் எடுத்தாலும் உருட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, ஒரு நிமிஷம் கழித்துத்தான் வாயைத் திறப்பார். ஏலக்காய்க்கு அது சரி. மனிதரிடம் பேசும்போதும் அப்படியே செய்தால் எரிச்சல் வராதா?

அவருக்கு விமானத்தின் மேல் எப்படி ஆசை வந்தது என்று தெரியாது. இரண்டு வருஷமாகக் கண்மாய்க் கரையில் வந்து நிற்பார். எங்களோடு சேர்த்துக்கொள்ளச் சொல்லி, எனக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று நாலைந்து தடவை கேட்டார். நானும் பார்க்கலாம், பார்க்கலாம் என்று தட்டிக் கழித்தேன். கடைசியில் ஒரு நாள் வாத்தியார் முன்னிலையிலேயே கேட்டுவிட்டார். எனக்குச் சுருக்கென்று வந்தது.

"வாங்கிட்டு வர்ற ஆளுக்கு இங்க எடமில்ல மாப்ளே. நீங்களே ஒண்ணு கட்டுங்க. மேல ஏத்தி, ஒரு சுத்து சுத்தி, ஒடையாம எறக்குங்க. அன்னைக்கே நீங்க எங்காளு" என்றேன்.

வழக்கம்போல ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் சரி என்றார். அத்தோடு தொல்லை விட்டது என்று நான் நினைத்தேன். பல்சா என்கிற மெத்து மரத்தைப் பிளேடால் சீவும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது இந்த ஏலக்காய்க்காரருக்கு எங்கே தெரியப்போகிறது!

மழைக்காலம் முழுக்க அவர் கரைப் பக்கம் வரவில்லை. கண்மாய் மறுபடி வற்றிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப்பு வந்து நின்றது. அவர் இறங்கினார், பின்னால் என் தங்கை பூசைத் தட்டோடு இறங்கினாள், அதன் பின்னால் ஒரு சிவப்பு விமானம் இறங்கியது. பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாளில் ஒரு சுருக்கம் இல்லை. அந்தத் தாளை இஸ்திரிப்பெட்டியால் தேய்த்து இழுத்து ஒட்ட வேண்டும். பதினைந்து வருஷமாகக் கட்டுகிற எனக்கே இறக்கை நுனியில் சுருக்கம் விழும். ஆகவே இது கடையில் வாங்கியது என்று உடனே முடிவு செய்துவிட்டேன். எங்கே வாங்கியது என்று கேட்டதற்கு, கட்டியதுதான் என்றார்.

"யாரு, பொட்டியில போட்டு அனுப்புனானே அவனா?" என்றேன்.

செல்போன் கடைக்காரர் சத்தமாகச் சிரித்தார். வாத்தியாரும் சிரித்தார். மாப்பிள்ளை பேட்டரியை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குள் தங்கை பூசையை ஆரம்பித்துவிட்டாள். எங்கள் பக்கம் புது வண்டி எதுவாக இருந்தாலும், அது லாரியோ சைக்கிளோ, சந்தனம், குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் கட்டாமல் நகராது. வண்டிக்கு முன்பக்கம் கட்டுவதுதான் முறை. இதற்கு முன்பக்கம் விசிறி சுற்றுகிறதே! என்ன செய்வாள்? கொஞ்சம் யோசித்து, நல்ல முற்றின பழமாக ஒன்றை மிளகாயோடு கயிற்றில் கோத்து, வாலில் இறுக்கிக் கட்டினாள். சூடம் காட்டினாள். சக்கரத்துக்கு அடியில் வைக்கவும் பழம் கொண்டு வந்திருந்தாள். அந்தச் சக்கரம் அதன் மேல் ஏறாது, பழம்தான் உருண்டு ஓடியது. என் தங்கை பி.எஸ்.சி. பிசிக்ஸ் படித்தவள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

மாப்பிள்ளை அந்தப் பழத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு விமானத்தை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டி, ஒரு தடவை தூக்கிப் பாருங்கள் என்றார்.

இறக்கைக்கு அடியில் விரலைக் கொடுத்துத் தூக்கினேன். வால் இறங்கியது. ஒரு நூல் இரண்டு நூல் இல்லை, தராசில் கல் வைத்த மாதிரி இறங்கியது. மூன்றடி நீள விமானத்தின் கடைசி நுனியில் ஒரு முழுப் பழம் தொங்கினால் வேறென்ன ஆகும்? அதைக் கழற்றச் சொல்ல எனக்கு ஒரு வார்த்தை போதும். தங்கை என் பேச்சைத் தட்டமாட்டாள். நான் சொல்லவில்லை. விழட்டும் என்று நினைத்தேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. கடையில் வாங்கிவிட்டுக் கட்டினேன் என்று சொன்ன மனிதர் எல்லோர் முன்னாலும் மண்ணைக் கவ்வட்டும், பிறகு நிறை என்றால் என்னவென்று நின்று விளக்கலாம் என்று மனசுக்குள் பிரசங்கத்தைக்கூடத் தயார் செய்துகொண்டேன். வாத்தியார் வாலையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். நான் மலைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு விமானத்தைக் கீழே வைத்தேன்.

"விடுங்க மாப்ளே. வெரசா விடுங்க, காத்து வந்துரும்" என்றேன்.

விட்டார். நேராக ஓடியது, அழகாகத்தான் ஓடியது. தரையை விட்டதும் மூக்கு மேலே போனது. அவர் ரிமோட் குச்சியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார், மூக்கு கேட்கவில்லை. தென்னை உயரத்துக்கு ஏறி, அங்கே ஒரு கணம் அசையாமல் நின்று, இடது இறக்கையைச் சாய்த்துக்கொண்டு விழுந்தது. பத்து எண்ணுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள்.

எல்லோருக்கும் முன்னால் நான்தான் நடந்தேன். பேசுகிற அவசரம் எனக்கு. கிட்டே போய்க் குனிந்து, முறிந்த இறக்கையைத் தூக்கினேன்.

சிவப்புத் தாள் கிழிந்து உள்ளே இருந்த மரச் சட்டங்கள் தெரிந்தன. பெட்டியில் வரும் விமானத்தில் சட்டங்கள் லேசர் மிஷினில் வெட்டியவை, விளிம்பு கருகியிருக்கும். இவை வெள்ளை வெளேரென்று இருந்தன. பிளேடு போன தடம், உப்புத்தாள் தேய்த்த தடம் எல்லாம் தெரிந்தன. ஒவ்வொரு சட்டத்திலும் பென்சிலால் அதன் எடை எழுதியிருந்தது. ஏலக்காய் சாம்பிள் நிறுக்கிற சின்னத் தராசில் ஒவ்வொன்றாக வைத்து நிறுத்து, இடது பக்கச் சட்டத்துக்கும் வலது பக்கச் சட்டத்துக்கும் ஜோடி சேர்த்திருக்கிறார். எனக்கு இந்தப் பொறுமை ஒருநாளும் இருந்ததில்லை. இறக்கையைத் திருப்பினேன். அடியில், நான் விரல் வைத்த அதே இடத்தில், இரண்டு பென்சில் புள்ளிகள். மூக்கைப் பிரித்துப் பார்த்தேன். தூண்டில் ஈயம் ஐந்து துண்டு வரிசையாக ஒட்டியிருந்தது. ஐந்தாவது துண்டை மட்டும் பாதியாகச் சீவியிருந்தார். மலையில் அந்த ஸ்டோருக்குள் இது மயிரிழை பிசகாமல் நிறை நின்ற விமானம்.

தங்கை பின்னால் வந்து சேர்ந்தாள். கண்ணு பட்டுவிட்டது, யாரோ பார்த்த கண்ணு என்று புலம்பினாள். யார் கண் என்று எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளை ஜீப்பிலிருந்து காலிச் சாக்கு ஒன்றை எடுத்து வந்து, துண்டுகளைப் பெரியது அடியில், சிறியது மேலே என்று அடுக்கினார். கொடுங்கள், நான் ஒட்டித் தருகிறேன் என்றேன். ஒட்டு வேலைக்கு யார் வந்தாலும் விரட்டுகிற நான், நானாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. இருக்கட்டும் என்றார். தங்கை தட்டை எடுத்துக்கொண்டு ஜீப்புக்குப் போகும்வரை காத்திருந்தார். பிறகு, வழக்கம்போல ஒரு நிமிஷம் கழித்து, மெதுவாகச் சொன்னார்.

"நீங்க தூக்குனப்ப வாலு எறங்குச்சு. நானும் பாத்தேன் மச்சான். பழத்தால இருக்கும்னு எனக்கும் பட்டுச்சு. நான் கழட்டச் சொன்னா அவ சகுனத்தடைன்னு அழுவா. நீங்க சொன்னா கழட்டிருவா, அதுக்குத்தான் ஒங்க கையில குடுத்தேன். நீங்க ஒண்ணும் சொல்லல. அப்ப சரியாத்தேன் இருக்கும்னு விட்டேன்."

குரலில் கோபம் இல்லை. என்னைக் குற்றம் சொல்கிற தொனியும் இல்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிப் பேசித் தப்பித்திருப்பேன். அவர் சாக்கைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போய் ஜீப்பில் ஏறினார்.

அந்த வாரம் முழுக்க எந்த மோட்டாருக்கும் காயில் சரியாக விழவில்லை. சனிக்கிழமை நானே போன் செய்தேன். நாளைக்குக் கண்மாய்க்கு வாருங்கள் மாப்பிள்ளை, உங்களுக்கு எல்லாம் சொல்லித் தருகிறேன், அடுத்ததைச் சேர்ந்தே கட்டுவோம் என்றேன். இரண்டு வருஷமாக அவர் கேட்டுக்கொண்டிருந்த வார்த்தைகள்தான். மறுமுனையில் அந்த ஒரு நிமிஷம் போனது.

"மலையில சோலி கெடக்கு மச்சான்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.